வீட்டுத் தோட்டத்தில் 1 மீட்டர் அகழாய்வுக் குழி: இரண்டே நாள், எப்படித் தோண்டுவது?

கொன்றைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு சின்ன கிராமத்தில் இருக்கிறோம். ஜூலை கடைசி சனி, ஞாயிறு ஊர்க்காரர்களே சேர்ந்து முப்பது தோட்டங்களில் ஆளுக்கொரு குழி தோண்டுகிறார்கள். எங்கள் பின்பக்கப் புல்வெளியும் அதில் ஒன்று. 1 மீட்டருக்கு 1 மீட்டர் குழி, பத்துப் பத்து சென்டிமீட்டராக இறக்கணும், மண் மொத்தத்தையும் 10 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கணும் என்று கையேடு கொடுத்திருக்கிறார்கள். மேற்பார்வைக்கு வரும் தொல்லியலாளர் ஒருவரே முப்பது குழிக்கும் சுற்றி வருவார்.

தோண்டப் போவது நான்கு பேர்: நாங்கள் இருவர், 13 வயது மகள், பக்கத்து வீட்டுப் பெரியவர். யாருக்கும் முன்பழக்கம் இல்லை. மண் களிமண், இந்த வெயிலில் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. இரண்டு நாளில் எவ்வளவு ஆழம் போக முடியும்? எங்கே நிறுத்துவது? என்ன கருவி வாங்கணும்? கிடைக்கிற பொருள் யாருக்குச் சொந்தம்? ஒன்றுமே கிடைக்காவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண்தானா?

வைகைக்கரை:

முதலில் கணக்குப் போட்டுக்குங்க, வேலைப் பங்கீடு அதிலிருந்துதான் வரும். 1 மீ × 1 மீ × 10 செ.மீ. என்றால் 100 லிட்டர் மண். வெட்டி எடுத்ததும் உப்பி 125, 130 லிட்டர் ஆகும். 14 லிட்டர் வாளியைத் தளும்பாமல் தூக்கினால் பத்துப் பன்னிரண்டு நடை. இந்தப் பத்து சென்டிமீட்டர் இறக்கத்துக்கு ஸ்பிட் என்று பேர், அதில் கிடைக்கிறதை ஸ்பிட்டுக்கு ஒரு பையாகத் தனித்தனியே போடணும். களிமண்ணில் ஒரு ஸ்பிட் முடிய ஒன்றரை மணி நேரம் வைத்துக்குங்க. இரண்டு நாளில் 60, 70 செ.மீ. போனாலே நல்ல வேலை. எந்த நிலையிலும் 1.2 மீட்டருக்குக் கீழே வேண்டாம், முட்டுக் கொடுக்காத பக்கச் சுவர் சரியும்.

தோண்டுவதில் நேரம் போகாது, சலிப்பதில்தான் போகும். அதனால் குழிக்குள் ஒருவர், வாளி தூக்க ஒருவர், சல்லடையில் இரண்டு பேர். மணிக்கொரு தடவை ஆள் மாற்றுங்க, முழங்கால் தாங்காது.

இடம் குறிக்கிறப்போ மின்சாரம், எரிவாயு, கழிவுநீர்க் குழாய் எங்கே போகுதுன்னு வரைபடம் வாங்கிப் பாருங்க, அமைப்பாளர்களிடமே இருக்கும். நான்கு முளை அடித்து நூல் கட்டுங்க. பக்கம் நாலும் 1 மீட்டர் இருந்தால் மட்டும் சதுரம் ஆகிவிடாது, இரண்டு மூலைவிட்டமும் 141 செ.மீ. வரணும். வீட்டின் இரண்டு மூலைகளில் இருந்து குழிக்குள்ள தூரத்தை டேப்பில் அளந்து கையேட்டில் எழுதிடுங்க. பத்து வருஷம் கழிச்சு யாராவது தேடினால் அந்த இரண்டு எண்தான் வழிகாட்டும்.

புல்லை மண்வெட்டியால் 25, 30 செ.மீ. சதுரங்களாக வெட்டி, வேரோடு ஐந்தாறு செ.மீ. கனத்தில் எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஒரு தார்ப்பாயில் பரப்பி நிழலில் வைங்க, தண்ணீர் தெளிங்க. சலித்த மண்ணுக்கு இன்னொரு தார்ப்பாய், குழி விளிம்பில் இருந்து ஒரு மீட்டராவது தள்ளி. விளிம்பில் குவித்தால் சரிந்து உள்ளேயே விழும், மேல்மட்டப் பானையோடு கீழ்மட்டப் பையில் ஏறிக்கும்.

கருவி: கொத்தனார் கரணைதான், ஆனால் 4 அங்குலத்தில், கூர்முனையுள்ளது. அலகும் தண்டும் ஒரே இரும்பில் அடித்ததா என்று பார்த்து வாங்குங்க. பற்றவைத்த மலிவுக் கரணை களிமண்ணில் கழுத்தோடு முறியும். முட்டிக்கு மெத்தை, சின்னத் துடைப்பம், முறம் மாதிரி ஒரு அள்ளி, தோட்டத்துக்குத் தெளிக்கும் ஸ்பிரேயர், ரசமட்டம், இரண்டு மீட்டர் டேப். முதல் இரண்டு ஸ்பிட்டை மண்வெட்டியால் இளக்கலாம், தப்பில்லை. அதற்குக் கீழே கரணை மட்டும். முனையால் குத்தக் கூடாது. அலகின் ஓரத்தைப் படுக்கவைத்து உங்கள் பக்கம் இழுத்துச் சுரண்டணும், பின்னோக்கி நகர்ந்துகொண்டே. அப்போதான் சுத்தம் செய்த இடத்தை நீங்களே மிதிக்க மாட்டீங்க.

புதியவர்களின் குழி பெரும்பாலும் சட்டி வடிவத்துக்கு வந்துடும்: நடுவில் ஆழம், ஓரத்தில் மேடு. நடுவில் மூன்றாவது ஸ்பிட்டில் இருப்பீங்க, ஓரத்தில் இரண்டாவதே முடிஞ்சிருக்காது, பையில் இரண்டும் கலக்கும். ஒவ்வொரு ஸ்பிட் முடிவிலும் நாலு மூலையும் நடுவும் அளந்து, ஐந்து எண்ணும் ஒன்றானபிறகுதான் அடுத்தது. பக்கச் சுவரும் குறுகிக்கொண்டே வரும், நூலுக்கு நேராகச் சீவிக்கிட்டே போங்க.

கீழடி மாதிரி இடங்களில் 10 மீட்டர் சதுரத்தை நாலாகப் பிரித்து, நடுவில் வரப்பு விட்டுத் தோண்டுவாங்க, அந்த வரப்பின் முகத்தில் மண்ணடுக்கு தெரியும். உங்களுக்கு வரப்பு கிடையாது, நாலு சுவர்தான் சாட்சி. அதை ஒழுங்காக வைத்திருந்தால் போதும்.

மண் இறுகியிருக்கு என்றால் முந்தின சாயங்காலமே தண்ணீர் ஊற்றித் தார்ப்பாய் மூடிடுங்க.

ஓட்டாஞ்சல்லி:

"ஒன்றுமே கிடைக்காவிட்டால்" என்ற கேள்விக்கு மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கவலையில்தான் பலர் ஞாயிறு மதியம் சலிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கேரன்சா லூயிஸ் என்ற தொல்லியலாளர் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, கிழக்கு இங்கிலாந்தில் 55 ஊர்களில் தோண்டிய 2,000-க்கும் மேற்பட்ட இதே மாதிரி 1 மீட்டர் குழிகளை வைத்து நடந்தது. தோண்டியவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகளும் ஊர் மக்களும். 14-ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க்கு முந்தைய பானையோட்டையும் பிந்தைய பானையோட்டையும் குழிக்குக் குழி எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 45 சதவீதம் வீழ்ச்சி. மக்கள் தொகை சரிந்ததற்கு மண்ணே சொன்ன கணக்கு அது. அந்தக் கணக்கில் ஓடு இல்லாத குழிக்கும் ஓடு நிறைந்த குழிக்கும் ஒரே மதிப்பு. முழுதாகச் சலிக்காமல் "ஒன்றும் இல்லை" என்று எழுதிய குழி மட்டும்தான் கெடுதல் செய்யும்.

இனி உங்கள் பகுதியில் எதைப் பார்க்கலாம். மேல் இரண்டு ஸ்பிட்டில் நீலப்பூ அச்சிட்ட வெள்ளைப் பீங்கான், செங்கல் தூள், கண்ணாடி, நிலக்கரி, ஆணி: 19-ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிறகும். அதற்குக் கீழே உள்பக்கம் தேன் நிறத்தில் மெருகிட்ட சிவப்பு மண்பாண்டம் வரலாம், 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை. மஞ்சள் மேல் பழுப்புக் கோடு சீப்பால் இழுத்தது போல இருந்தால் ஸ்டாஃபர்ட்ஷயர் வகை, 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்குவது. இடைக்கால ஓடு பார்க்க அழகாக இருக்காது: மெருகில்லாத, சொரசொரப்பான, சாம்பல் அல்லது பழுப்பு நிற மணற்பாண்டம், உடைந்த ஓரத்தில் நடு கறுத்திருக்கும். களிமண் கட்டி என்று தூக்கி எறிவது இதைத்தான். இன்னும் பழையது தெட்ஃபோர்ட் வகை, 9 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை, சக்கரத்தில் வனைந்த கெட்டியான சாம்பல் ஓடு.

புகையிலை பிடிக்கும் வெள்ளைக் களிமண் குழாயின் தண்டு பெரும்பாலும் வரும், சுண்டுவிரல் நீளத்தில், சாக்பீஸ் மாதிரி. ஒடிந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் துளையைப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துளை 8/64 அல்லது 9/64 அங்குலம், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 4/64 அங்குலம். ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் 1954-ல் கண்டு சொன்ன அளவுமுறை. டிரில் பிட்டின் பின்பக்கத்தை நுழைத்தே அளக்கலாம். ஒரே ஒரு தண்டை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள், அது திரளாகக் கிடைத்தால்தான் பேசும். குழாயின் முனையில் புகையிலை வைக்கும் கிண்ணம் கிடைத்தால் இன்னும் நல்லது. புகையிலை விலை அதிகமாக இருந்த காலத்துக் கிண்ணம் மிகச் சின்னது.

சல்லடையில் மண்ணைக் கையால் அழுத்தித் தேய்க்காதீர்கள், மெல்லிய ஓடு நொறுங்கும். கட்டியை விரலால் பிட்டுப் பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கழிக்கலாம், கழித்ததை மீட்க முடியாது.

வன்னிமண்:

வைகைக்கரை அண்ணை சொன்னதில ஒண்டை மட்டும் திருத்துறன். தண்ணி ஊத்துறது புல் எடுக்க முதல் மட்டும், அதுவும் பூவாளியால இரண்டு மூன்று தரம் ஊறவிட்டு. குழி திறந்த பிறகு ஊத்தினால் அடியில தேங்கி, களி பிசைஞ்ச மா மாதிரி ஆகிவிடும். பிறகு சல்லடை அடைபட்டு அரைநாள் போயிடும். திறந்த குழிக்கு ஸ்பிரேயர்தான், இரவில தார்ப்பாய்.

பொருள் யாருக்கு எண்டு கேட்டீங்கள். இங்கிலாந்தில பொதுவா நிலச் சொந்தக்காரருக்கு. வாடகை வீடு எண்டால் தோண்ட முதலே வீட்டுக்காரரிட்ட எழுத்தில அனுமதி வாங்குங்கோ. ஊர்த்திட்டங்களில அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேப்பினம், கொடுங்கோ. முப்பது குழியின்ர ஓடும் ஒரே இடத்தில இருந்தால்தான் ஆய்வுக்குப் பயன்.

300 வருசத்துக்கு மேற்பட்டதா, பத்தில ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ உள்ள பொருள் கிடைச்சால் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வரும். தனி நாணயத்துக்கு விதி வேற. 14 நாளுக்குள்ள அறிவிக்க வேணும், மேற்பார்வையாளரிட்டச் சொன்னால் வழி செய்வார்.

எலும்பு வரும், பயப்பிடாதேங்கோ. பெரும்பாலும் ஆடு, மாடு, கோழி. வெட்டின தடம், வாளால (ரம்பத்தால) அறுத்த தடம் இருந்தால் சாப்பாட்டு மிச்சம். மனித எலும்போ எண்டு சின்னச் சந்தேகம் வந்தாலும் கையை எடுத்து, மூடி, ஆளைக் கூப்பிடுங்கோ. உரிமம் இல்லாமல் எடுக்கேலாது.

எல்லாரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கோ பாருங்கோ. பிள்ளைக்குக் கையுறை கட்டாயம், பழைய தோட்டத்தில கண்ணாடிச் சில்லு நிறைய.

இதைப் பாத்திட்டு ஊரில உள்ள சொந்தக்காரர் தங்கட வளவிலயும் தோண்டிப் பாக்க வெளிக்கிட வேண்டாம். இலங்கையில உரிமம் இல்லாத அகழாய்வு குற்றம், இந்தியாவிலயும் அகழாய்வுக்கு அரசு அனுமதி வேணும்.

கொன்றைப்பூ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை முடிந்தது, நான்காவது ஸ்பிட்டில் இருக்கிறோம். சரியாக 35 செ.மீ. ஆழத்தில் வடகிழக்கு மூலையில் வட்டமாகக் கறுப்பு மண் தெரிகிறது, குறுக்களவு 28 செ.மீ. சுற்றிலும் மஞ்சள் களி, நடுநடுவே சுண்ணாம்புக் கட்டி. மேற்பார்வையாளர் நாளை மதியம்தான் வருவார். அதுவரை தொடரலாமா? மஞ்சள் மண்தான் கன்னி மண்ணா, அதாவது மனிதக் கை படாத இயற்கை மண்ணா?

வைகைக்கரை:

அந்த மூலையைத் தொடாதீங்க, மீதியைச் செய்யலாம். முழுப் பரப்பையும் கரணையால் சீவி, துடைத்து, ஸ்பிரேயரால் ஈரமாக்கி, குடையோ போர்வையோ பிடித்து நிழலில் படம் எடுங்க. வெயில் நேரடியாக விழுந்தால் கறுப்பும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். படத்தில் அளவுகோலும் வடதிசை அம்புக்குறியும் இருக்கணும். பிறகு 1:10 அளவில் கட்டக் காகிதத்தில் வரைங்க, குழியின் 10 செ.மீ. காகிதத்தில் 1 செ.மீ.

வட்டம் கம்பக்குழியாக இருக்கலாம், வேர் ஓட்டையாகவும் இருக்கலாம், முயல் வளையாகவும் இருக்கலாம். விளிம்பு கூர்மையாக, சுவர் நேராக இறங்கினால் கம்பம் நட்டது. விளிம்பு கலங்கி, பக்கவாட்டில் கிளை ஓடினால் வேர். மண் பொலபொலவென்று, அடியில் வெற்றிடம் இருந்தால் வளை. அவர் வந்தபிறகு வட்டத்தின் நடுவே நூல் பிடித்து ஒரு பாதியை மட்டும் எடுப்பாங்க, மறுபாதி நிற்கிற முகத்தில் நிரம்பிய விதம் தெரியும். அந்த மண்ணுக்கு ஸ்பிட் எண் கிடையாது, தனி எண், தனிப் பை. இதை மறந்து ஐந்தாவது ஸ்பிட் பையில் கொட்டிவிட்டால் அந்தக் குழியின் காலத்தைச் சொல்ல இனி வழியே இல்லை.

மஞ்சள் களியும் சுண்ணாம்பும் அந்தப் பகுதியின் இயற்கை மண்தான், பனியாறு விட்டுப்போனது. ஆனால் யாரோ குளம் வெட்டிக் கொட்டிய மஞ்சள் களியும் அப்படியே இருக்கும். செங்கல் துகள், கரித்துணுக்கு, ஓடு ஒன்றாவது உள்ளே இருந்தால் அது கன்னி மண் இல்லை. சந்தேகத்தைத் தீர்க்க, வட்டத்துக்கு எதிர்மூலையில் 30 செ.மீ. சதுரமாக இன்னும் இரண்டு ஸ்பிட் இறக்கிச் சலிங்க. இரண்டிலும் எதுவும் வராவிட்டால் அங்கே நிறுத்திக்கலாம்.

ஓட்டாஞ்சல்லி:

ஞாயிறு மாலைக்கு: பானையோடுகளைப் பச்சைத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் கழுவுங்கள், ஊறவைக்க வேண்டாம். உடைந்த ஓரத்தைத்தான் முக்கியமாகத் தேய்க்கணும், களிமண்ணின் தன்மை அங்கேதான் தெரியும். இரும்பு, கரி, நொறுங்கும் எலும்பு ஆகியவற்றைக் கழுவவே கூடாது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்பிட் பையை மட்டும் திறந்து, அதன் சீட்டைத் தட்டோடு சேர்த்தே வைத்து, செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பையை மூடினால் இரண்டே நாளில் பூசணம்.

வன்னிமண்:

மூட முதல் நாலு சுவரையும் வரைஞ்சு படம் எடுங்கோ. அடியில அண்மை வருசத்து ஒரு பென்னி நாணயம் போட்டுவிடுங்கோ, பிறகு தோண்டுற ஆளுக்கு இது ஏற்கெனவே திறந்த குழி எண்டு விளங்கும். மண்ணை 20 செ.மீ. போட்டு மிதிச்சு, மறுபடி போட்டு மிதிச்சு நிரப்ப வேணும். கடைசியில் மூன்று நாலு செ.மீ. மேடாவே விடுங்கோ, மழைக்குத் தானா இறங்கும். புல்லை வரிசைப்படி வைச்சு இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் பின்னேரம் தண்ணி விடுங்கோ.