புதுப்பிப்பு: ஆய்வறிக்கையின் படங்கள் திரும்ப வந்துவிட்டன

ஆய்வறிக்கையில் படங்கள் ஒரு கீற்றாக மட்டும் தெரிகின்றன, இரண்டு இடங்களில் வெறும் சிவப்புப் பெருக்கல் குறி நிற்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். இரண்டுமே தீர்ந்துவிட்டன.

கீற்றுக்குக் காரணம் வரி இடைவெளி. பத்தி அமைப்பில் அதைத் துல்லியமாக 18 புள்ளி என்று வைத்திருந்தேன். வரியோடு சேர்த்துச் செருகிய படத்தைச் சொற்செயலி ஒரு பெரிய எழுத்தைப் போலவே நடத்துகிறது. அந்த 18 புள்ளி உயரத்தைத் தாண்டிய பகுதி மறைந்துவிடுகிறது. படம் இருக்கும் பத்திகளுக்கு மட்டும் ஒற்றை இடைவெளி கொடுத்தேன். முழுப் படமும் வந்து நின்றது, எவ்வளவு நிம்மதி! படத்தை நீக்கித் திரும்பச் செருகச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் அதே பத்தியில் விழும் படம் மறுபடியும் வெட்டுப்படத்தான் செய்யும்.

சிவப்புக் குறி வேறு கதை. அந்தப் படங்கள் கோப்புக்குள் இல்லவே இல்லை, இணைப்பாக மட்டும் இருந்தன. மூலப் படங்களை நான் இடம் மாற்றியதும் இணைப்பு அறுந்துவிட்டது. ஆய்வறிக்கையைச் சேமித்திருக்கும் டாக்எக்ஸ் (வேர்ட் ஆவண வடிவம்) கோப்பு உண்மையில் ஒரு ஜிப் தொகுப்பு, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதி. நகலெடுத்து, பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உட்பொதிந்த படங்கள் மீடியா என்ற கோப்புறையில் இருக்கும். அந்த இரண்டும் அங்கே இல்லை. மூலப் படங்களை உட்பொதித்துச் செருகிவிட்டேன்.