பாய்மரத்தில் என்னைத் தாங்கிய இரண்டாவது கயிறு

சிங்கப்பூரின் துவாஸில் ஷிப்யார்டு வேலை பார்ப்பவன் நான். மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலை என்றால், பர்மிட் இல்லாமல் ஏணியில் கால் வைக்கக்கூட எங்களை விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடுதான், சாங்கியில் எனக்குத் தெரிந்த பெரியவரின் பாய்மரப் படகில் உச்சி விளக்கை மாற்றித் தர ஒப்புக்கொண்டேன்.

உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையான வேலையிடத்து ஹார்னஸையே கொண்டு போயிருந்தேன். பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது விழுறவனைப் பிடிக்கிறதுக்கு. முதுகு வளையத்துல தொங்கிக்கிட்டு விளக்கு மாட்ட முடியாதுப்பா” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆகவே, இடுப்பையும் தொடைகளையும் சுற்றிக் கட்டி முன்பக்கம் கயிறு பிணைக்கும், மலையேறுபவர்களின் ஹார்னஸை அணிந்து, போசன் நாற்காலி எனப்படும் துணி இருக்கையில் அமர்ந்தேன். இருக்கை நெடுநேர வேலைக்கு வசதியானது. ஆனால் ஆள் தலைகீழாகப் புரண்டால் அதிலிருந்து நழுவிவிட இடமுண்டு.

பெரிய பாயை ஏற்றும் கயிற்றின் நுனியில், முள்ளை இழுத்தால் திறந்துகொள்ளும் கொக்கி இருந்தது. எதிலாவது மாட்டினாலும் திறக்கக்கூடும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, கயிற்றையே இருக்கையின் வளையங்களில் போலைன் என்ற, சுருங்காத வளைய முடிச்சிட்டுக் கட்டினோம். மற்றொரு பாய்க் கயிற்றை அடிமரத்தருகே இறுக்கிக் கட்டி, அதன்மேல் அதைவிட மெல்லிய கயிற்றால் புருசிக் முடிச்சிட்டு என் ஹார்னஸோடு இணைத்தேன். பாரமில்லாதபோது கையால் தள்ளினால் அம்முடிச்சு நகரும். பாரம் விழுந்தால் இறுகும்.

விளக்கை மாற்றிவிட்டு இறங்கும்போது, உபின் தீவுப் பக்கமிருந்து வந்த பம்போட் என்ற சிறு பயணப் படகு ஒன்றின் அலை படகை ஆட்டியது. தளத்தில் சிறிதாகத் தெரியும் ஆட்டம் உச்சியில் ஊஞ்சலாகிவிடுகிறது. என்னை இறக்குவதற்காக, கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் உருளையான வின்ச்சில் சுற்றுகளைக் குறைத்திருந்த நேரம் அது. பெரியவரின் கையில் கயிறு ஒரு முழம் வழுக்கியது. என் முகத்துக்கு ஒரு சாண் எதிரே அந்தச் சிவப்பு முடிச்சு வெள்ளைக் கயிற்றைக் கவ்வி நின்றது. பெரியவர் சுற்றுகளைக் கூட்டி என்னைச் சற்று மேலே தூக்கிய பிறகே, கட்டைவிரலால் முடிச்சின் முதுகை அழுத்தி அதைத் தளர்த்த முடிந்தது.

அன்று முதல் இரண்டாவது கயிறு இல்லாத பாய்மரத்தில் நான் ஏறுவதில்லை. யார் கேட்டாலும், எவ்வளவு சிறிய வேலையானாலும்.

*

மேலே அண்ணன் எழுதியதைப் படித்த நான், அதோடு என் அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். டைனீமா போன்ற வழுக்கும் இழையாலான கயிற்றில் புருசிக் முடிச்சை நம்ப முடியாது. தளத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கிச் சோதித்தபோதே என் முடிச்சு மெல்லக் கீழிறங்கியது. பாலியஸ்டர் உறையுள்ள கயிற்றுக்கு மாற்றியபின் அசையாமல் நின்றது.

ஆனாலும் நான் அன்று ஏறவில்லை. மேற்கே வானம் கறுத்திருந்தது. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் சுமத்ராவிலிருந்து வரும் அந்தக் காற்றை இங்குள்ள படகுக்காரர்கள் நன்கு அறிவார்கள். நாங்கள் கருவிகளைப் பையில் போட்டுக் கட்டிக் கரையேறிய சற்று நேரத்திலேயே மழையும் மின்னலும் தொடங்கிவிட்டன.