டாக்டர் இல்லாத கப்பலுக்கு எம்.ஏ.வாக (மெடிக்கல் அசிஸ்டென்ட்) போனவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

அரக்கோணத்தான்

நானே ஆரம்பிக்கிறேன். கடற்படை ஆஸ்பத்திரி ஒன்றில் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) அசிஸ்டென்ட்டாக வருடக்கணக்கில் இருந்தவன். சீ டைம், அதாவது கப்பலில் கழிக்க வேண்டிய காலம், பாக்கி இருந்தது, என்றைக்காவது கப்பல் வரும் என்று தெரியும். வந்த விதம்தான் வேறு. ஒரு சின்னக் கப்பலின் எம்.ஏ. முதுகு வலியில் படுத்துவிட்டார், மறுநாள் கப்பல் அந்தமான் பக்கம் கிளம்புகிறது. மத்தியானம் தியேட்டரில் கை கழுவிக்கொண்டிருந்த என்னைச் சாயங்காலத்துக்குள் கப்பலில் சேரச் சொன்னார்கள். சிக்பே (கப்பலின் மருத்துவ அறை) சாவி, மருந்து லெட்ஜர், ஒரு கையெழுத்து. சார்ஜ் எடுத்தது அவ்வளவுதான்.

நடுக்கடலில் ஒரு ராத்திரி, இன்ஜின் ரூம் பையன் ஒருவனைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி. தொப்புளைச் சுற்றி இருந்த வலி வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது என்றான். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு எத்தனையோ தடவை டிராலி போட்டிருக்கிறேன். ஆனால் நோயாளி என் மேஜைக்கு வருவதற்கு முன்பே அது அப்பெண்டிக்ஸ்தான் என்று சர்ஜன் முடிவு செய்திருப்பார். அந்த முடிவை எடுக்கும் இடத்தில் நான் நின்றதே கிடையாது. லேப் இல்லை, ஸ்கேன் இல்லை. விரல்களை வைத்து மெதுவாக அமுக்கிச் சட்டென்று எடுத்தேன். அமுக்கும்போது பொறுத்துக்கொண்டவன், கையை எடுத்ததும் துடித்துப்போய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

சி.ஓ. (கப்பலின் தலைமை அதிகாரி) வாசலில் நின்றார். "கப்பலைத் திருப்பணுமா, வேண்டாமா?" திருப்பணும் சார் என்றேன். வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல், டிரிப்பும் ஆன்டிபயாட்டிக்கும் போட்டுக்கொண்டு போர்ட் பிளேர் வந்தோம். அங்கே கடற்படை ஆஸ்பத்திரியான தன்வந்திரியில் அன்றே ஆபரேஷன் செய்தார்கள். பையன் நன்றாக இருக்கிறான்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு எம்.ஏ. போனார், ஒரு எம்.ஏ. வந்தார், கணக்கு சரி. ஆனால் நான் விட்டு வந்த தியேட்டரில் அந்த வாரம் ஒரு ஆபரேஷன் டேபிள் ஓடவில்லை. கப்பலுக்குத் தேவைப்பட்டதோ வயிற்று வலியில் எது ஆபத்து என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆள். இரண்டு பக்கமும் நஷ்டம். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

விசாக் பழசு

தம்பி, நீங்கள் செய்தது சரி. ஆனால் கணக்கைத் தப்பாகப் போடுகிறீர்கள். மும்பை மான்குர்த்தில் உட்கார்ந்து மாலுமிகளின் டிரான்ஸ்ஃபரைப் பார்க்கிறவர்களுக்கு முன்னால் இருப்பது மொத்தக் கடற்படையின் பட்டியல். ரேங்க், கடலில் இருந்த காலம், கரையில் இருந்த காலம், படித்த கோர்ஸ், மெடிக்கல் கேட்டகரி, வீட்டு நிலைமை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் நாளைக்குக் கிளம்பும் கப்பலில் சிக்பே காலி என்றால் மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். ஆஸ்பத்திரியில் ஒருவர் குறைந்தால் பக்கத்து வார்டு ஆள் இரண்டு இடத்தையும் பார்த்துக்கொள்வார். கடலில் பக்கத்து வார்டு எங்கே இருக்கிறது? போர்வை சின்னது, தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரியத்தான் செய்யும்.

என் சம்பவம் 2004 சுனாமி. சர்வே கப்பல்களை அவசரமாக ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றினார்கள். ஜமுனா இலங்கைக்குப் போனது. நிரூபக் இந்தோனேசியாவுக்கு, மேலபோ என்ற ஊருக்கு. விசாகப்பட்டினம் கடற்படை ஆஸ்பத்திரியான கல்யாணியில் வார்டு டியூட்டியில் இருந்த எங்களில் சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் டெம்பரேச்சர் சார்ட்டைப் பாதியில் ஜூனியர் பையன் கையில் கொடுத்துவிட்டுத்தான் பை எடுக்கப் போனேன். வரைபடம் போடும் மேஜை இருந்த இடத்தில் கட்டில்கள்.

மேலபோவில் ஒரு மீனவர். காலில் சின்னக் காயம், அதற்குள் கடல் மண். அது பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீர் கொடுக்கலாம் என்று டம்ளரை வாயருகே கொண்டுபோனேன், தாடை திறக்கவில்லை. டெட்டனஸ். பாடத்தில் படித்ததோடு சரி, அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அவர் கண் மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் கல்யாணியில் என் வார்டு என்ன பாடு பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் நிற்க வேண்டிய இடம் மேலபோதான். ஆள் அனுப்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

கன்னர் 27

நான் மெடிக்கலே இல்லை, கன்னரி (பீரங்கிப் பிரிவு). எழுதலாமா என்று யோசித்தேன். போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கவனிக்க எங்களைப் போன்ற மற்ற பிரிவு மாலுமிகளுக்கும் நர்சிங் பயிற்சி கொடுப்பார்களே, பி.எஃப்.என்.ஏ., அதை முடித்திருந்தேன். கப்பலில் கட்டுப் போடுவதோடு அது நின்றுபோகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

2021 ஏப்ரல் கடைசியில் அகமதாபாத் கோவிட் ஆஸ்பத்திரிக்குக் கடற்படையிலிருந்து டாக்டர்கள், நர்சுகள், பாராமெடிக்கல் ஆட்கள், உதவியாளர்கள் என்று 57 பேர் போனார்கள். மற்ற ஊர்களிலும் ஆள் கேட்டார்கள். போனவர்கள் விட்ட இடத்தை யார் பார்ப்பது? எங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதல் ஷிஃப்டிலேயே ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 84 காட்டியது. கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. லீடிங் ரேங்க் எம்.ஏ. ஒருவர் என்னைப் பார்த்து, "தோளைப் பிடி, இடுப்பைப் பிடி, குப்புறப் போடு, டியூப் சிக்காமல் பார்த்துக்கோ" என்றார். போட்டோம். 86, 88, 91. பீரங்கிக் குண்டு குறி தப்பாமல் விழுந்தபோதுகூட எனக்கு அப்படிக் கை நடுங்கியதில்லை.

அரக்கோணம் அண்ணே, ஆளை மட்டும் எண்ணுகிறார்கள் என்கிறீர்கள். என்னையும் எண்ணித்தான் போட்டார்கள். அந்த லீடிங் பக்கத்தில் இருந்ததால் அது வேலை செய்தது. பழக்கமில்லாதவனை அனுப்பலாம், தனியாக விடக்கூடாது.

காரைக்குடி மீனா

என் வீட்டுக்காரர் எம்.ஏ. எனக்குப் பிரசவத் தேதி கொடுத்த மாதத்துக்கு முன்பே அவருக்குக் கரைப் பணி ஆர்டர் வந்துவிட்டது. மாற்றாக வர வேண்டியவர் பெயரும் வந்தது. ஆனால் அந்த மனிதர் இருந்த இடத்தில் ஆள் குறைவு என்று அவரை விடவில்லை. அவர் வராமல் இவர் கப்பலை விட்டு இறங்க முடியாது. எங்கே யார் முடிவு செய்தார்கள் என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வலி எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றதால் போன் கிடைத்தது. எடுத்தவுடன், "பி.பி. எவ்வளவு? முகம் வீங்கியிருக்கா? கண் மங்கலா தெரியுதா?" என்று வரிசையாகக் கேட்கிறார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்கிறது. எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லையே என்று அப்போது அழுதேன். அவருக்கு அதைக் கேட்கத் தெரிந்த விதம் அதுதான் என்று அப்புறம்தான் புரிந்தது. போர்வை உதாரணம் சொன்ன ஐயா, கால் வெளியே தெரியும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அந்தக் கால் எங்களைப் போன்றவர்கள்.

சான் டியாகோ செந்தில்

நான் இந்தியக் கடற்படை இல்லை. கிரீன் கார்டில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து ஹாஸ்பிடல் கார்ப்ஸ்மேன் (உங்கள் எம்.ஏ. மாதிரி) ஆனவன். இங்கே பெயருக்கு விருப்பம் கேட்பார்கள். மைநேவி அசைன்மென்ட் என்ற இணையதளத்தில் காலியிடங்கள் வரும், நமக்குத் தகுதியுள்ளதற்கு விண்ணப்பிக்கலாம், டீடெய்லர் என்ற அதிகாரி அதைப் பார்த்து முடிவு செய்வார். ஒருவரிடம் என்ன சிறப்புப் பயிற்சி இருக்கிறது என்பதற்கு என்.ஈ.சி. என்ற குறியீடு உண்டு. அந்தக் குறியீடு இல்லாமல் அதற்கான இடம் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் கடைசி வார்த்தை எப்போதும் கடற்படையின் தேவைதான்.

சான் அன்டோனியோவில் பயிற்சி முடித்தபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சான் டியாகோவின் பால்போவா கடற்படை ஆஸ்பத்திரியைத்தான் கேட்டோம். எனக்கு வந்தது மரீன்கள். மரீன் படைக்குச் சொந்த மருத்துவ ஆட்களே கிடையாது, எல்லாரும் கடற்படையிலிருந்துதான் போக வேண்டும். அதற்கென்று கேம்ப் பென்டில்டனில் தனிப் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

ட்வென்டிநைன் பாம்ஸ், மொஹாவே பாலைவனம். நடைப் பயிற்சியில் ஒரு பையன் நேராக நடந்துகொண்டிருந்தவன் சாய்ந்து நடந்தான். பெயரைக் கேட்டேன், வேறு எவனோ பெயரைச் சொன்னான். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 107 டிகிரி. ஐஸ் தண்ணீரில் ஊறிய படுக்கை விரிப்புகளை எடுத்து அவனைச் சுற்றினோம், சூடேறியதும் மாற்றினோம், மறுபடி சுற்றினோம். என் விரல்கள் ஐஸில் மரத்துப்போயிருந்தன, அவன் தோல் மட்டும் சுட்டது. 102க்கு இறங்கிய பிறகுதான் ஹெலிகாப்டரில் ஏற்றினோம். அந்தத் தனிப் பயிற்சி இல்லாமல் என்னை நேராக அங்கே போட்டிருந்தால் முதலில் ஏற்றி அனுப்பியிருப்பேன், வழியிலேயே போயிருப்பான்.

அதனால் அரக்கோணம் பக்கம்தான் நான். இங்கே டிஸ்ட்ராயரில் டாக்டர் கிடையாது. ஆனால் இன்டிபென்டன்ட் டியூட்டி கார்ப்ஸ்மேன் என்று ஏறக்குறைய ஒரு வருடம் அதற்காகவே படித்தவர் இருப்பார். போர்வை இங்கேயும் சின்னதுதான், விசாக் ஐயா. 2020 மார்ச்சில் மெர்சி ஆஸ்பத்திரிக் கப்பல் லாஸ் ஏஞ்சலஸ் போனபோது ஆட்களைப் பெரும்பாலும் பால்போவாவிலிருந்துதான் எடுத்தார்கள்.

குழித்துறை எம்.சி. (ஓய்வு)

எல்லாம் படித்தேன். என் சம்பவம் இரண்டு வரி. கப்பலில் ஒரு குக்குக்குப் பல் வீங்கிக் கண் வரை ஏறிவிட்டது, நான் பல்லே பார்த்ததில்லை, ராத்திரி முழுக்கப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் சீழ் எடுத்துவிட்டேன்.

இதைப் படிக்கும் பையன்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இப்போது எஸ்.எஸ்.ஆர். (சீனியர் செகண்டரி ரெக்ரூட்) மெடிக்கல் அசிஸ்டென்ட் அறிவிப்பு தனியாக வருகிறது, அக்னிவீர் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் இருக்க வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். முதலில் ஒடிசாவில் சில்கா பயிற்சி மையம். அங்கே ஓடத் தெரியாதவன் கஷ்டப்படுவான், இப்போதிருந்தே ஓடுங்கள். நீச்சலும் பழகுங்கள், நம் பக்கத்துப் பையன்களுக்குக் குளத்து நீச்சல் தெரியும், அது போதாது.

அப்புறம் கோர்ஸ். லேப், எக்ஸ்ரே, ஓ.டி. என்று கிடைத்தால் விடாதீர்கள், வெளியே வந்த பிறகு சோறு போடுவது அந்தச் சான்றிதழ்தான். ஆனால் கோர்ஸ் முடித்து ஆஸ்பத்திரியிலேயே ஒளிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்பே கப்பலை நீங்களாகக் கேட்டு வாங்கி முடித்துவிடுங்கள். மீனா சொன்ன கஷ்டம் பாதி அதில் குறையும். வீட்டு நிலைமை காரணமாக இடம் கேட்பதாக இருந்தால் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், டிவிஷனல் ஆபீசரை நேரில் பாருங்கள். கான்டீனில் நின்று யாரிடமோ புலம்பினால் எதுவும் நகராது.

சொந்தமாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, வயிற்று வலி, மயக்கம், தீக்காயம், பல் வலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: என்ன கேட்க வேண்டும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எப்போது சி.ஓ.வை எழுப்ப வேண்டும். மருந்துகளின் காலாவதி தேதியைச் சார்ஜ் எடுக்கும் அன்றே பாருங்கள். குடிதண்ணீர் டேங்கில் குளோரின் பார்ப்பதும், சமையலறையில் கரப்பான் பார்ப்பதும் உங்கள் வேலைதான். கப்பல் முழுக்க ஒரே நாளில் வயிற்றுப்போக்கு வந்தால் பிறகு எந்த சர்ஜனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மாலே ரிட்டர்ன்

நான் சாதாரணப் பயணி. 2020 ஜூனில், கோவிட் நேரத்தில், கடற்படையின் ஜலஷ்வா கப்பலில் மாலேயிலிருந்து தூத்துக்குடி வந்த 700 பேரில் ஒருவன். எங்கள் பகுதிக்கு வந்த மருத்துவ மாலுமி முழு உடுப்பில் காய்ச்சல் பார்த்துக்கொண்டு போனார். கையுறையைக் கழற்றியபோது விரல் நுனியெல்லாம் துணி துவைத்த கை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஒரு கர்ப்பிணிக்காகத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். அவரும் இப்படி எங்கிருந்தாவது அவசரமாக எடுத்து வரப்பட்டவராக இருக்கும் என்று இதைப் படித்தபோதுதான் தோன்றியது.

விசாக் பழசு

மீனாம்மா, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மாற்று ஆளைப் பிடித்து வைத்தது தவறு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. செந்தில், ஒரு வருடப் படிப்பு நல்லதுதான், ஆனால் அந்த ஒரு வருடமும் அவர் இடம் காலியாகத்தானே இருக்கும்?

அரக்கோணத்தான்

சார், ஒரு வருடம் நான் கேட்கவில்லை. சீ டைம் எப்போது முடிகிறது என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அடுத்துக் கப்பலுக்குப் போகும் வரிசையில் இருக்கும் ஓ.டி., லேப், எக்ஸ்ரே ஆட்களை, இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே கேஷுவால்டியில் சில வாரம் டியூட்டி மாற்றிப் போட்டால் போதும். இடம் காலியாகாது, பயணப்படிச் செலவும் இல்லை. டியூட்டி டாக்டர் பார்க்கும் ஒவ்வொரு வயிற்று வலியையும் முதலில் இவர் பார்த்து, என்ன நினைக்கிறேன் என்று எழுதிக் காட்டட்டும். நான் இருந்த ஆஸ்பத்திரியில் டியூட்டி ரோஸ்டரைப் போட்டது மாஸ்டர் சீஃப் என்ற ரேங்கில் இருந்த ஒரு மூத்த மாலுமிதான், அவர் நினைத்தால் மறுநாளே மாற்றியிருக்கலாம். இப்போது ரோஸ்டர் போடும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த மாதப் பட்டியலில் ஒருவரை வைத்தாவது செய்து பாருங்கள்.