விண்டோஸ் 7-இல் ஓடும் சிடி ஸ்கேனர்: நெட்வொர்க்கை எப்படிப் பிரிப்பது?

வணக்கம் நண்பர்களே. ஒரு தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் சிடி ஸ்கேனரை இயக்கும் கணினி, அதாவது கன்சோல், இன்னும் விண்டோஸ் 7-இல்தான் ஓடுகிறது. மைக்ரோசாப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. ஆன்டிவைரஸ் போட்டால் சர்வீஸ் ஒப்பந்தம் செல்லாது என்கிறது விற்ற நிறுவனம்.

போன வாரம் பார்க்கிறேன், பில்லிங் கவுண்டரின் பென்டிரைவ் அதே கன்சோலில் செருகியிருக்கிறது. பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை மால்வேர் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளை முடக்கியபோது ஸ்கேன் கருவிகளும் மாட்டிக்கொண்டன. பக்கவாதம் என்று நடுராத்திரியில் வருபவருக்கு எங்களிடம் இருப்பது இந்த ஒரே ஸ்கேனர்.

ஸ்கேனரைத் தனி விலானில் (நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்த பகுதி) போட்டு, படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வருக்கு டைகாம் (மருத்துவப் படங்களை அனுப்பும் முறை) போர்ட்டை மட்டும் திறந்து, மற்ற எல்லாவற்றையும் ஃபயர்வாலில் அடைக்கலாம் என்று இருக்கிறேன். சரி, சர்வீஸ் இன்ஜினியர் ரிமோட்டில் நுழையும் வழியை என்ன செய்வது? தேவைப்படும்போது மட்டும் திறந்து மூடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ராத்திரி ஷிப்டில் அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுத்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.