புதுப்பிப்பு: ஏசி ஆபீஸில் மதியத்துக்குள் வறண்டுபோகும் சுருட்டை முடி

காலையில் தலைக்குக் குளித்ததும் அழகாகச் சுருண்டு நிற்கும் முடி, ஏசியில் மதியத்துக்குள் வைக்கோலாகிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே லீவ்-இன் கண்டிஷனர் (அலசாமல் முடியிலேயே விட்டுவிடுவது), அதன்மேல்தான் எண்ணெய்" என்று ஒரு அக்கா சொன்ன வரிசை. எண்ணெயில் தண்ணீர் கிடையாது. அது ஈரம் தராது, இருக்கிற ஈரம் சீக்கிரம் போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் சில சொட்டு, நுனிகளுக்கு மட்டும். துண்டால் துவட்டாமல் பழைய காட்டன் டீஷர்ட்டால் ஒற்றி எடுக்கிறேன். மதியம் வெறும் தண்ணீரை லேசாக ஸ்ப்ரே செய்தால் போதும், காலையில் போட்ட கண்டிஷனரே மறுபடி இளகிக்கொடுக்கிறது.

எதிர்பாராதது கிளிசரின் ஸ்ப்ரே. ஆபீஸுக்குள் ஒரு பயனும் தெரியவில்லை. சாயங்காலம் சென்னைக் காற்றில் கால் வைத்ததும் முடி பிசுபிசுத்து உப்பிவிட்டது! காற்றில் ஈரம் அதிகமென்றால் கிளிசரின் அதை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊர்க்காரர்கள் யோசித்துப் போடுங்கள்.

ஆளிவிதை ஜெல்லும் நல்லதுதான். ஆனால் ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடுகிறது, எனக்குப் பொறுமை இல்லை.

போர் தண்ணீர் என்றால் இதையும் கவனியுங்கள்: கால்சியம், மக்னீசியம் உப்புகள் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். இந்த உப்புகளைப் பிடித்து நீக்கும் ஈடிடிஏ (EDTA) சேர்ந்த ஷாம்புவை அவ்வப்போது போட்ட பிறகுதான் கண்டிஷனரே சரியாகப் பிடிக்க ஆரம்பித்தது.