பாட்டுக்கு நடுவே அப்பா தும்மினார்

போன வாரம் நண்பர் காரில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பழைய பாட்டு ஓடியது. முதல் சரணம் முடிந்து வயலின் கிளம்பியது. நான் காத்திருந்தேன். வரவேண்டியது வரவில்லை. என்ன வரவில்லை என்று எனக்கே ஒரு நிமிடம் பிடிபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது: அப்பாவின் தும்மல்!

எங்கள் வீட்டில் ரேடியோ தனி, டேப் ரெக்கார்டர் தனி. இரண்டையும் இணைக்கும் ஒயர் எல்லாம் கிடையாது. ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை நகர்த்தி வைத்து, பிடித்த பாட்டை அறிவித்ததும் ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்திவிட்டு, வீட்டுக்கே வாய்ப்பூட்டு போட்டுவிடுவேன். அம்மா தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைப்பார். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க நிற்பான். அப்பா மட்டும்தான் எதற்கும் கட்டுப்படாதவர். அவரும் அடக்கித்தான் பார்த்தார், பாவம். அடக்கி வைத்த தும்மல் இரண்டு மடங்காக வெளியே வரும் என்பது அன்று தெரிந்தது. அதன் பின்னாலேயே "அப்பா!" என்று நான் அலறியதும் பதிவாகிவிட்டது. அந்தப் பாட்டை ரேடியோவில் மறுபடி போட மாதக்கணக்கானது. அதற்குள் தும்மலோடு சேர்த்தே பாட்டு மனப்பாடம்.

இப்போது போனில் அதே பாட்டு கழுவித் துடைத்த மாதிரி கேட்கிறது. எனக்கோ அந்த இடத்தில் ஒரு படி தவறிய மாதிரி இருக்கிறது. உங்களிடமும் இந்த மாதிரி கேசட் கதைகள் இருக்குமே, சொல்லுங்கள்.

* * *

தும்மலாவது பரவாயில்லை. என் பாட்டில் வேதியியல் இருக்கிறது.

கேசட்டின் மேல் விளிம்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் காது இருக்குமே, அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. எங்கள் அண்ணன் தன் உயிரான கேசட்டில் அதை உடைத்து வைத்திருந்தான். அந்த ஓட்டையில் துளி செலோடேப்பை ஒட்டினால் பூட்டு திறந்துவிடும் என்பதை வகுப்புத் தோழி ஒருத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் தேர்வு. பாடத்தை என் குரலிலேயே பதிந்து கேட்டால் மண்டையில் ஏறும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. நல்ல சோகப் பாட்டு அது. உருகி உருகிப் பாடிக்கொண்டே வருவார், 'டக்' என்று ஒரு சத்தம். உடனே நான்: "ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம், போரான்..." நியான் வரை போய்விட்டு மறுபடி 'டக்'. அவர் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அழுதுகொண்டிருப்பார்.

அண்ணன் மூன்று நாள் பேசவில்லை. இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் எங்கேயாவது அந்தப் பாட்டு கேட்டால் சரியாக அந்த இடத்தில் என் பக்கம் திரும்பி "ஹைட்ரஜன்" என்பான்.

* * *

எனக்குக் கணக்குப் போடும் வியாதி உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது வைத்த வேகம், வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். அது கடைசிவரை மாறவே இல்லை. அதனால்தான் எந்த கேசட்டும் எந்தப் பெட்டியிலும் பாடியது. இந்த வேகத்தில் மூன்றரை நிமிடப் பாட்டின் நீளம் என்ன தெரியுமா? 210 வினாடியை 4.76-ஆல் பெருக்கிப் பாருங்கள். பத்து மீட்டர்! முதல் பதிவு எழுதியவரின் அப்பா ஒரு வினாடி தும்மியிருந்தால், நாடாவில் அது ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுண்டுவிரல் நீளம் என்று வையுங்களேன்.

இந்தக் கணக்கு எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒருநாள் பெட்டி கேசட்டைத் தின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே உருளையைச் சுற்றிச் சுற்றி நாடா. இழுத்து எடுத்ததில் ஒரு சாண் கசங்கிப் போயிற்று. பாடகர் தண்ணீருக்கு அடியில் இருந்து பாடுவது மாதிரி ஆகிவிட்டது. சரி, கசங்கியதை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிவிடலாம் என்று பிளேடை எடுத்தேன். அந்த இடத்தில் பாட்டு நாலைந்து வினாடி தாவியது, பெரிய குறையாகத் தெரியவில்லை. அறுவைச் சிகிச்சை வெற்றி என்று பெருமையாகத் திரிந்தேன்.

ஒரு வாரம் கழித்து பி சைடைப் போட்டால், அதன் கடைசிப் பாட்டும் தாவுகிறது. இரண்டு சைடும் ஒரே நாடாவில்தான் எதிரும் புதிருமாக ஓடுகின்றன என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஏ சைடின் முதல் பாட்டில் வைத்த கத்தி பி சைடின் கடைசிப் பாட்டில் குத்தியிருக்கிறது. அது அக்காவுக்குப் பிடித்த பாட்டு. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அவள் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

* * *

என் வயது 22. ஒரு சந்தேகம். பழைய ஆட்கள் எல்லோரும் கேசட் படத்துக்குப் பக்கத்தில் பென்சில் படத்தைப் போட்டு சிரிக்கிறீர்களே, அது எதற்கு?

* * *

தம்பி, வா. கேசட்டின் சக்கரத்துக்குள் ஆறு பல் இருக்கும். பென்சிலுக்கு ஆறு பட்டை. உள்ளே விட்டுச் சுற்றினால் நாடா சுருண்டுகொள்ளும். தொங்கும் நாடாவை உள்ளே இழுக்கவும் அதுதான் வழி, பேட்டரியை மிச்சம் பிடிக்கவும் அதுதான் வழி. ரிவைண்டுக்கு மோட்டார் ஓடினால் பேட்டரி கரைந்துவிடும், வீட்டில் திட்டு விழும். என்னைக் கேட்டால் பட்டை வைத்த பேனாதான் இன்னும் கச்சிதம், பென்சில் கொஞ்சம் வழுக்கும். இதற்குச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

* * *

சண்டைக்கு வரவில்லை, பென்சில்தான் சரி.

பேட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் நானும் தோழியும் ஒரே வாக்மேனில் ஆளுக்கொரு காதாகக் கேட்போம். 1979-ல் வந்த சோனியின் முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் செருக இரண்டு துளை இருந்ததாம். எங்களுடையதில் ஒன்றுதான், அதனால் தலையோடு தலை ஒட்டிக்கொண்டுதான் பயணம். பேட்டரி தீரத் தீரப் பாட்டு இழுக்கும். ஏறும்போது பாடிய பெண், இறங்கும்போது ஆண் குரலுக்கு வந்திருப்பார். பேட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் ரெண்டு பாட்டு கறப்போம்.

இன்னொன்று யாருக்காவது நடக்கிறதா? ஒரு பாட்டு முடிந்ததும் அந்த கேசட்டில் அதற்கு அடுத்து இருந்த பாட்டு என் மண்டையில் தானாகத் தொடங்கிவிடுகிறது. போன் வேறு எதையோ போடும். நான்தான் ஏதோ தப்பான பாட்டு வந்துவிட்டது என்று திரும்பிப் பார்க்கிறேன்.

* * *

முதல் பதிவு எழுதியவன் மறுபடி வருகிறேன். இத்தனை பேர் எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை, பரணில் ஏறிவிட்டேன். கேசட் கிடைத்தது. என் கோணல் கையெழுத்தில் 'தொடாதே' என்று எழுதியிருக்கிறது. டேப் ரெக்கார்டர்தான் இல்லை, நண்பரிடம் ஒன்று இரவல் வாங்கினேன். போட்டால் சத்தமே போர்வைக்குள் இருந்து வந்தது. நாடாவை ஹெட்டோடு (நாடாவில் உள்ள பாட்டைப் படிக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு துண்டு கம்பளி ஒட்டியிருப்பார்கள், பசை காய்ந்து அது உதிர்ந்து கிடந்தது. திருகாணி போட்ட கேசட்டாக இருந்ததால் தப்பித்தேன். பிரித்து அதை ஒட்டி, தொங்கிய நாடாவைச் சுருட்டி (பென்சிலால்தான், பேனாக்காரர் மன்னிக்க), நேற்று ராத்திரி அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன்.

பெட்டியின் ரப்பர் பெல்ட் வயதாகித் தொய்ந்துவிட்டது போல. பாட்டு ஆற அமர நடந்து வந்தது. சரணம் முடிந்தது. வயலின் கிளம்பியது. அந்தச் சுண்டுவிரல் நீளத் தும்மலும் வந்தது, மெதுவாக, கிணற்றுக்குள் யானை தும்மின மாதிரி. பின்னாலேயே என் "அப்பா", எழுபது வயதுக்காரன் குரலில்.

அப்பா தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார். "இன்னொரு தரம் போடு" என்றார். போட்டேன்.

"இது நான் இல்லைடா" என்றார். "ரேடியோக்காரன் தும்மியிருக்கான்."