ஹெட்செட்டில் ‘கோ’ படுத்தும் பாடு

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் நாடகத்துக்கு நான்தான் ஸ்டேஜ் மேனேஜர். லைட் போடும் தம்பிக்குத் தமிழ் தெரியாது. இங்கே அது புதிதில்லை. ‘ஸ்டாண்ட்பை’ சொன்னதும் தயாராகி, ‘கோ’ என்றதும் பட்டனை அழுத்துவான். நேற்று ஒத்திகையில், ஸ்டாண்ட்பை சொல்லிவிட்டு அடுத்த வசனத்தை முணுமுணுத்தேன்: “கோபாலா...” அவ்வளவுதான், மேடையே இருட்டு!

பேசாமல் க்யூ (சமிக்ஞை) விளக்குக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். சிவப்பு எரிந்தால் தயார், பச்சை எரிந்தால் செய். ஒரு செட் யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

அப்புறம், பிராம்ப்ட் புத்தகத்தில் (க்யூக்களைக் குறித்து வைக்கும் நாடகப் பிரதி) தமிழ் வசனத்தின் எந்த எழுத்தில் க்யூவைக் குறிக்கிறீர்கள்? நான் பென்சிலில்தான் எழுதுகிறேன், தினமும் மாறுகிறதே. இருட்டில் ஒளிரும் டேப் அரை ரோல் இருந்தாலும் சொல்லுங்கள். படியில் ஒட்டியது தேய்ந்துவிட்டது.